பைக்குள் கை

துடியலூர் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருஷம் கோன் சுற்றியவள், அதாவது கூம்புக் கட்டையில் நூல் சுற்றியவள் நான். "மெஷின் ரிப்பேருங்க, பத்து நாள் லீவு" என்று முதலாளி சொன்னார். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. அதே கட்டடத்தில் அவருடைய மகன் ஓவியக் கல்லூரி என்று போர்டு மாட்டியபோது, என் மகள் அங்கேதான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மில்லை மூடிப்போட்டுப் போனவங்க காலேஜ் திறந்தால் நான் நம்பிவிடுவேனா?

சேர்க்கை அன்று முதல்வர் திரையில் படம் காட்டிப் பேசினார். வெள்ளைக்காரன் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஓவியப் பள்ளி திறந்தானாம்; பானை செய்யவும் மேஜை நாற்காலி செய்யவும்கூடச் சொல்லிக் கொடுத்தானாம். ஜப்பான்காரன் இத்தாலியிலிருந்து வாத்தியார்களைக் கூட்டிவந்து, பிறகு போதுமடா சாமி என்று தன் சொந்த முறைக்கே திரும்பினானாம். சீனாக்காரர்கள் ஜப்பானுக்குப் போய்ப் படித்துவந்து அவர்கள் ஊரில் திறந்தார்களாம். இப்போது கோயமுத்தூருக்கும் வந்துவிட்டதாம். எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளைக்காரன் சும்மா பள்ளிக்கூடம் திறப்பானா, வேலைக்கு ஆள் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"தப்பா ஏதாவது ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, அன்னைக்கே நிறுத்திப்போடுவேன் அம்மணி" என்று மகளிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

முதல் மாதம் முழுக்க ஒரே செங்கல்லை வரைந்தாள். "என்ன கண்ணு படிச்சீங்க?" என்றால், "செங்கல்லுங்கம்மா" என்பாள். இதற்கு ஒரு படிப்பா! அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து ஊட்டுக்காரி, "அங்கெல்லாம் துணியில்லாம நிக்க வெச்சு வரைவாங்களாமே, ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டுவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு, அவள் தூங்கும்போது பையைத் துழாவினேன். கரித்துண்டு, ரப்பர், பஸ் பாஸ், பாதி தின்ற பன். வரையும் நோட்டு மட்டும் இருக்கவே இருக்காது, காலேஜிலேயே வைத்துவிட்டு வருவாள். அப்புறம் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் ஓர் அச்சடித்த அழைப்பு கிடைத்தது. மாணவர் கண்காட்சி, பெற்றோர் அவசியம் வரவேண்டும் என்று போட்டிருந்தது. என்னிடம் அவள் மூச்சுகூட விடவில்லை. சரி, மாட்டினாள் என்று பஸ் ஏறினேன். அன்றே டிசி வாங்கிவிடுவது என்று முடிவோடுதான் போனேன்.

நான் கோன் சுற்றிய அதே கூடத்தில் படங்கள் தொங்கின. ஒவ்வொன்றாகத் தேடினேன். பஸ் ஸ்டாண்டு, ஆடு, அந்தப் பாழாய்ப்போன செங்கல். நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய கரிப்படத்தின் முன்னால் கூட்டமாக நின்றார்கள். என் மகள் எனக்கு முதுகைக் காட்டி அங்கே நின்றிருந்தாள்.

தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை குத்தவைத்திருக்கிறாள். முழங்கை வரைக்கும் பைக்குள் கை. கண் மட்டும் கட்டில் பக்கம் திருட்டு முழி முழிக்கிறது. ஐயோ, அது என் நைட்டி. தோளில் கிழிசல்கூட அப்படியே இருக்கிறது!

வேஷ்டி கட்டிய ஒரு பெரியவர், "யாரு கண்ணு இது, திருடியா?" என்றார்.

"இல்லீங்க, எங்கம்மாங்க" என்றாள் என் மகள். "நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேனுங்க. அசைஞ்சா அம்மா வெக்கப்பட்டுப் போவாங்கன்னு அப்படியே படுத்துக்குவேனுங்க."

அவள் திரும்புவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஆபீஸ் ரூம் பக்கம் போகவே இல்லை. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடி அழுதேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, பையைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். போர்வைக்குள் அவள் முழித்திருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.