வெறுப்புக்கு ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் எதற்கு வேண்டுமானாலும் ஜெபம் கேட்கலாம். இனிப்பு நீர் வியாதி, ரத்தக் கொதிப்பு, முட்டிவலி, மகனின் எஸ்பிஎம் தேர்வு, மகளின் கல்யாணம். ஸ்டார்ட் ஆகாத வேனுக்குக்கூட ஒருவர் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பைக் கேட்டு, சபையின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், போடுவார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். மனசுக்குள் அழுகிக் கிடப்பதற்கு மட்டும் அங்கே இடம் கிடையாது. அதை மூட "மனசமாதானம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

எனக்கு அந்த மூடி வேண்டாம். நான் என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் தம்பி மனைவியை, வெறுத்தேன். அவளும் எங்கள் சபைதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வரிசை வீட்டில், மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், டயப்பர் மாற்றினேன், புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன், ஏன் சொல்லக் கூடாது? ஓரகத்தி பாரோயில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் டப்பாவோடு வருவாள். அறை வாசலில் நின்றபடியே "எப்படி இருக்கீங்க அத்தை?" என்பாள். அதற்கு மேல் ஓர் அடி உள்ளே வைத்ததில்லை.

அத்தை இறந்துபோனார். அடக்க ஆராதனையில் அவள் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். "அத்தைய என் கையால குளிப்பாட்டி, பணிவிடை செய்யுற பாக்கியத்த கர்த்தர் எனக்குக் கொடுத்தாரு." சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். "மன்னிச்சி மறந்துடுங்கம்மா" என்றார். என் கணவர் போர்டிக்சன் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, "விடு லா, கடவுளுக்குத் தெரியும்" என்றார். கடவுளுக்குத் தெரியும்தான். தெரிந்தவர் முன்னால் எப்படி நடிப்பது? முழங்காலில் நின்றால் போதும், அவள் மைக் பிடித்த கோலம்தான் கண்ணுக்குள் வந்தது. ஐந்து மாதமாக எனக்குள் ஜெபம் செத்துக் கிடந்தது. சாப்பாடு இல்லாமல்கூட இருந்துவிடுவேன், ஜெபம் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. "மன்னிச்சிட்டேன்" என்று வாயளவில் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. சொல்ல மாட்டேன் என்று இருந்தேன். அவள் சபையில் பொய் சொன்னாள் என்றுதானே எனக்குக் கோபம்? நானும் போய் ஒரு பொய் சொல்ல வேண்டுமா?

ஒரு சனிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஓரகத்தி வரவில்லை. என் முறை வந்ததும் சொன்னேன்.

"என் ஓரகத்தி மேல எனக்கு வெறுப்பு இருக்கு டீச்சர். அது போகணும்னு ஜெபம் பண்ணுங்க."

டீச்சரின் விரல் கைப்பேசியின் மேல் அப்படியே நின்றது. "அப்படிலாம் போட முடியாதும்மா. குடும்ப சமாதானம்னு போடுறேன்."

"குடும்பத்துல சண்டையே இல்ல டீச்சர். எல்லாம் என் மனசுலதான். வெறுப்புன்னே போடுங்க."

அவர் போடவில்லை. எல்லாரும் வடையும் தேநீருமாக இருந்தபோது நானே குழுவில் எழுதினேன். "என் ஓரகத்தி மேல் எனக்குள்ள வெறுப்பு நீங்க ஜெபிக்கவும். அத்தையை அவள் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை."

கும்பிடும் கை ஒன்றுகூட வரவில்லை.

முதல் வாக்கியம் ஜெபம், இரண்டாவது கல். எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எறிந்தேன்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டம் முறைப்படி அவள் வீட்டில். "போகாத லா. தலைவலின்னு சொல்லிடு" என்றார் என் கணவர். எனக்குத் தலைவலி இல்லை. அரை மணி நேரம் முன்னதாகவே பாரோய்க்குப் போய் இறங்கினேன். அவள் கேட்டைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நான் நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"குரூப்புல நான் ரெண்டாவதா எழுதுனது ஜெபம் இல்ல. உன்ன எல்லாரு முன்னாடியும் அசிங்கப்படுத்தணும்னு எழுதுனேன். அது என் தப்பு, மன்னிச்சிடு. ஆனா நீ மைக்ல சொன்னது பொய். அத இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவள் குழாயை மூடினாள். "பொய்தான்க்கா. அத்தை கிட்ட வரவே எனக்குப் பயம். அந்த வாடை தாங்காது. எல்லாரும் உங்களப் பத்தியே பேசுனாங்க. மைக் கையில கெடச்சதும் நானும் ஒரு நாளைக்கு நல்ல மருமகளா இருந்துட்டுப் போறேனேன்னு தோணுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதுனத என் மக படிச்சிட்டா. என் மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குறா. உங்கள என்னால மன்னிக்க முடியலக்கா."

அவமானத்தில் எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசியதில் நான் முழுசாக நம்பிய பேச்சு அதுதான்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது. "ஸ்தோத்திரம்! பாத்தீங்களா, கர்த்தர் ஒண்ணு சேத்துட்டாரு! மொதல்ல நன்றி ஜெபம் பண்ணிடுவோம்."

"இல்ல டீச்சர்," என்றேன். "இன்னும் சேரல. சேராதத சேந்துட்டோம்னு அவருகிட்ட சொல்ல வேணாம்."

ஓரகத்தி என் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா சொல்றது சரிதான் டீச்சர். எனக்கும் வெறுப்பு இருக்கு. எனக்கும் சேத்து கேளுங்க."

எப்படித் தொடங்குவதென்று டீச்சருக்குத் தெரியவில்லை. நான் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவள எனக்குப் புடிக்கல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன்.

முதல் ஆமென் அவளிடமிருந்துதான் வந்தது.