அவர் பெயர் கொடுத்திருந்த பந்தயம்

கணவர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கார் கிளப் ஒன்று பழவேற்காடு ஏரிக்கரைத் திடலில் நடத்திய ஆட்டோகிராஸ் கார் பந்தயத்துக்கு அவர் முன்பே பெயர் கொடுத்திருந்தார். அவருக்குப் பதிலாக நான் போய் ஓட்டினேன். பயமோ ஆசையோ எதுவும் தோன்றவில்லை. பாதை காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றித் திருப்பும்போது கார் சுழன்று, எல்லைக் கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றது.

அங்கே தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாம்மா, அடிகிடி பட்டுச்சா? வூட்டுக்காரரு வந்துகிறாரா? கூப்டட்டா?"

"செத்துட்டார்" என்றேன்.

அதுவரை என்னிடம் வந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்ததால், அந்த வார்த்தையை நான் சொல்ல நேர்ந்ததே இல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளப்காரர்கள் வந்து சேரும்வரை விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் போனபிறகு என் உடம்புக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான்.