மாமிக்குக் கட்டிய கண்ணாடி அறை

சென்னையில் வெயிலுக்காகவே ஓர் அறை கட்டியவர் என் அத்தா ஒருவராகத்தான் இருப்பார். அத்தா என்றால் அப்பா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஊரே பச்சை வலை, தட்டி, ஏசி என்று வெயிலிடமிருந்து தப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பல்லாவரத்தில் எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து ஓர் அறையை எழுப்பினார். அவருக்கு அதுதான் தொழில். ஆபீஸ்களுக்கு அலுமினியத் தடுப்பும் கண்ணாடிக் கதவும் போட்டுத் தருவார். சிறுசேரியில் ஒரு கம்பெனி வேலைக்கு வாங்கியதில் மிஞ்சிய கண்ணாடிகள் கடையின் பின்னால் சாக்கு சுற்றிக் கிடந்தன. அவைதான் எங்கள் வீட்டுக்கு வந்தன.

அறை மாமிக்காக. மாமி அத்தாவின் தங்கை. அத்தையை நாங்கள் மாமி என்போம். அவள் கணவர் காட்டாங்குளத்தூரில் வேலையாக இருந்தார். ஒரு நாள் பைக்கில் போனவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டு இறந்துபோனார். வாடகை வீட்டில் தனியாக எப்படி விடுவது என்று அத்தா மாமியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கேரம் ஆடும்போது காயை முழங்கையால் தள்ளிவிட்டு, கண்டுபிடித்தால் சத்தியம் செய்து சாதிக்கிற மாமிதான் எனக்குத் தெரிந்த மாமி. இப்போது வந்திருந்தவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் போல நடு அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அநாவசியமாக வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது, நகை, பூ, நல்ல துணி எதுவும் கூடாது. இவ்வளவும் மார்க்கம் சொல்வது. இதற்கு மேல் பெரியம்மா, அதாவது அத்தாவின் அண்ணன் மனைவி, தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். இத்தாவில் இருப்பவள் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்றாள். அவள் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. பீரோக் கண்ணாடியை அம்மாவின் பழைய துப்பட்டாவால் மூடினார்கள். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் வைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் வாசல் ஜன்னலைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டேன். அதனால் வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை.

நடு அறைக்கு வெளிச்சம் கிடையாது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டு எழுந்துவிட்டன. பின்பக்கத் திறந்தவெளியில் உட்காரலாம் என்றால், அதற்குப் பின்னாலேயே புதிதாக பிளாட் வந்து, அத்தனை பால்கனியும் எங்கள் வீட்டைப் பார்த்தே நின்றது. மாமி அறையைவிட்டு வெளியே வரவில்லை. தட்டு போனது போலவே திரும்பி வந்தது. "சாப்பிட்டாளா?" என்று அத்தா அம்மாவிடம் கேட்பார். அம்மா தட்டைக் காட்டுவாள். முகத்தில் ரத்தமே இல்லை, இப்படியே விட்டால் ஆளே மிஞ்ச மாட்டாள் என்று அம்மா சமையலறையில் அழுததை நான் கேட்டேன். பெரியவர்கள் அப்படியெல்லாம் செத்துப்போவார்களா என்று யாரிடம் கேட்பது?

"வெயில் பட்டா புள்ள கொஞ்சம் தேறும். பிளாட்டுக்காரங்க கண்ணும் படக் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒரே வழி, கண்ணாடி போட்டு அடைச்சிடறதுதான்" என்றார் அத்தா.

"சித்திரையில அதுக்குள்ள உக்காந்தா வடகமாத்தான் வெளிய வரணும்" என்றாள் அம்மா.

"சித்திரைக்குள்ள இத்தா முடிஞ்சிடும்."

அம்மாவின் உண்மையான கவலை துணி எங்கே காயப்போடுவது என்பது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

வேலை ஆரம்பித்தது. ஆட்கள் வருகிறார்கள் என்பதால் மாமியின் அறைக் கதவைச் சாத்தி வைத்தார்கள். அவளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கட்டுகிற அறைக்காக, கதவு வழியாக வந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க டிரில்லிங் சத்தம். பழைய வீட்டுச் சுவர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தது. ஆபீஸ் வேலையில் நூல் பிடித்ததுபோல நிற்கிற அலுமினியச் சட்டம் எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டவே மாட்டேன் என்றது. இடைவெளியை சிலிக்கான் பிழிந்து அடைத்தார்கள். கூரைக்குப் பால் நிறத்தில் பிளாஸ்டிக் ஷீட். காற்றுக்குத் தள்ளுகிற ஜன்னல், அதற்குக் கொசுவலை. எல்லாம் முடிந்ததும் அத்தா என்னைப் பின்னால் இருந்த பிளாட்டுக்கு அனுப்பினார். என் வகுப்புத் தோழியின் வீடு மூன்றாவது மாடி. அங்கிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே அவர் நிற்பது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமே தெரியல அத்தா. இந்த பில்டிங்தான் அதுல தெரியுது" என்று கத்தினேன்.

அது அந்தக் கண்ணாடியின் வித்தை. உள்ளேயிருந்து வெளியே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் வானமும் பால்கனியும்தான் தெரியும். அத்தா உள்ளேயிருந்து கையாட்டியிருக்கிறார். அதுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை.

அன்று மதியத்துக்கு மேல் மாமி வந்தாள். வாசற்படியில் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மட்டும் வெயிலில் நீட்டினாள். எதிர் பால்கனியில் ஒருவர் பனியனோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவருக்கு மாமி தெரியவில்லை. ஒரு பெண் போர்வையை உதறினாள். மாமி அதையெல்லாம் பார்த்தாள். "உன் வகிடு ஏன்டி பாம்பு மாதிரி போவுது?" என்று என்னிடம் கேட்டாள். அவள் கேலி செய்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. டீ வேண்டும் என்றாள். அத்தா தானே போய் எடுத்து வந்தார்.

வெளிச்சம் மங்கியது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும் அம்மா வழக்கம்போல லைட்டைப் போட்டாள்.

மூன்று பக்கமும் மாமி. வெளியே இருட்டு, உள்ளே டியூப்லைட், கண்ணாடி முழுவதும் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. பகலெல்லாம் கண்ணாடியோடு புழங்குகிற அத்தாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் ஆபீஸில் அதனால் யாருக்கும் ஒரு கேடும் வராது என்பதால் அவருக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து, அனகாபுத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, கையில் கஞ்சி பிளாஸ்க்கோடு பெரியம்மா வந்து நின்றாள்.

"இன்னா காரியம் பண்ணிவச்சிக்கீறான் இவன். பீரோ கண்ணாடிய மூடச் சொன்னா, வூட்டையே கண்ணாடியா ஆக்கிக்கினு கீறான்."

அம்மா லைட்டை அணைத்தாள். "நமக்கு மூஞ்சி தெரிஞ்சா, பிளாட்டுக்காரங்களுக்கு நாம தெரிவோமே" என்று அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. மாமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நடு அறைக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண்ணாடி அறையில் அம்மா துணி காயப்போட்டாள்.

அத்தா பள்ளிவாசலுக்குப் போய், தொழவைக்கிற அஸ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். அலங்காரம்தான் கூடாது, முகம் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பெரியம்மா அசரவில்லை.

"அஸ்ரத்து கிதாபுல கீறத சொல்றாரு. நம்ம வூட்டு வழக்கம் அவருக்கு இன்னா தெரியும்?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மூன்று பக்கமும் கம்பி போட்டு, வீட்டிலிருந்த போர்வைகளை மாட்டினார்கள். பகலில் திறந்து வைப்பது, பாங்குக்கு முன் இழுத்து மூடுவது. மூடுகிற வேலை எனக்கு. அத்தா கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு மாமி மறுபடி வர ஆரம்பித்தாள். வெயிலில் உட்கார்ந்தாள், பால்கனிகளைப் பார்த்தாள், என்னைக் கேலி செய்தாள். ஆனால் தட்டு மட்டும் முன்போலத்தான் திரும்பி வந்தது. அத்தாவின் முகம் தொங்கிப்போயிற்று. இவ்வளவு செய்தும் இப்படியா என்று எனக்கு மாமி மேல் கோபமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் போர்வையை இழுக்கப் போனேன். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சாப்புடு" என்றாள் மாமி. சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போகும்போது பார்த்தேன். பிளாட் பக்கத்துப் போர்வையைச் சுருக்கமில்லாமல் மூடியிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத பக்கத்து வீட்டுச் சுவர்தான், யாரும் பார்க்க முடியாது. ஆனால் லைட் எரிந்துகொண்டிருந்தது. மாமி கண்ணாடிக்கு மிக அருகில் நின்றிருந்தாள்.

செய்யக் கூடாததைச் செய்கிறாளே என்று நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரியம்மா வருகிற நேரம் வேறு. மாமி கன்னத்தைத் தொட்டாள். தோடில்லாத காதைத் தொட்டாள். காதோரம் வந்திருந்த முடியை உள்ளே ஒதுக்கினாள். அவசரமே படவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மாமி" என்றேன் நான். "ரசமும் அப்பளமும்."

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை இழுத்து மூடினாள். என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். யாரும் கூப்பிடாமல், தானே ஒரு தட்டை எடுத்து, சோறு போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொரு தரமும் போட்டுக்கொண்டாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தாவைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் சைகை காட்டினாள்.

நான் உடனே போகவில்லை. எனக்கு மாமி மேல் வருத்தம். கேள்வி கேட்டுவிட்டு, மரியாதையாகப் பதில் சொல்கிறவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.