வெளிச்சம் விடாத அச்சு

தொண்ணூறுகளில் மிசிசாகாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அச்சின் இரண்டு பாதிகளும் இடைவெளியில்லாமல் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சுப்பர்வைசர் இரண்டு சிறிய அச்சுகளை என் முன்னால் வைத்தார். கிளப்பில் இலக்கு வைத்துச் சுடுவது அவரது பொழுதுபோக்கு. தன்னுடைய கட்டைக் குழல் ரிவோல்வருக்கு ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்க்க எது நல்லது என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ச் சண்டையில் சன்னத்துக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடி வந்தவளிடமா இதைக் கேட்பது? ஆனாலும் கை, பழக்கத்தில் இரண்டையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது. ஒன்றில் மெல்லிய கீற்றுத் தெரிந்தது. மற்றதை அவர் பக்கம் தள்ளினேன்.

வீட்டில் சொன்னதும் கணவர், "உமக்கென்ன விசரே?" என்று கத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை சுப்பர்வைசர், தான் சுட்ட இலக்குக் கடதாசியை எனக்கே தந்தார். ஊரில் எங்கள் குசினிச் சுவரில் இருந்தவை போலவே ஆறு துளைகள். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னால ஆரும் நிண்டவையே?"

"இல்லை. மண்மேடு மட்டுந்தானாம்."

"அப்ப நல்ல அச்சுத்தான் எடுத்துக் குடுத்திருக்கிறீர்."