மிஸ்ஸி சொல்லாத குளிசை

புற்றுநோயில் கிடந்த என் கணவரைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி மிஸ்ஸி மெலிந்தவள், சிரிக்காதவள். வந்தவுடன் அவர் காலைப் பஞ்சால் தடவிப் பார்ப்பாள். பஞ்சு பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பார். அவள் ஒரு குளிசை தந்த பிறகுதான் எரிவு அடங்கி உறங்கினார்.

அது மனநோய்க்காரருக்குக் கொடுக்கும் குளிசை என்று கொடிகாமத்து மருந்துக்கடையில் சொன்னார்கள்.

"என்ரை மனுசனுக்கென்ன, விசரே?" என்று அவளைக் கேட்டேன்.

"இல்லையம்மா. உது நரம்பெரிவுக்கும் கேக்கும்."

"அப்ப ஏன் எனக்கு ஒளிச்சனீர்?"

"சொன்னா நீங்கள் குடுக்கமாட்டியளெண்டு ஐயாதான் சொல்லவேண்டாமெண்டவர்."

அன்று அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. குளிசையை நிறுத்தவுமில்லை.

அவர் போய்விட்டார். ஏன் என்னை நம்பவில்லை என்று அவளிடமாவது சொல்லியிருப்பார். வீதியில் கண்டாலும் நான் கேட்பதில்லை.