கல்லுத்தூளும் மிளகுக்கொடியும்

பல்லேபொலப் பக்கம் இத்ரூஸ் நானாவைத் தெரியாதவர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர், அதையொட்டிய சுண்ணாம்புச் சூளையில் தீ போட்டவர். போன வருடம் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஆனாலும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அங்கேதான் போய் உட்காருவார். வேலையில்லாத இடத்துக்கு ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போகிற மனிதர் என்று மனைவி ஸுபைதா சொல்வாள்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தோண்டிய பள்ளத்தில் மழை நிறைந்து, நீலமா பச்சையா என்று சொல்ல வராத நிறத்தில் தண்ணீர் கிடந்தது. மேகங்கள் அதற்குள் இறங்கி மெல்ல நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால், தான் கரையில் இருப்பதே அவருக்கு மறந்துபோகும்.

ஒருநாள் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். ஏதோ தேசத்தில் நிலக்கரி தோண்டி முடித்த குழிகளை ஏரியாக்கி, மீன் விட்டு, மிஞ்சிய சாம்பலில் செங்கல் செய்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இந்தப் பள்ளத்தில் திலாப்பியா துள்ளுவதையும், கரையில் கத்தரியும் போஞ்சியும் காய்ப்பதையும், மலையாகக் கிடக்கிற கல்லுத்தூள் கொஞ்சங்கொஞ்சமாகத் தோட்டங்களுக்குள் கரைந்துபோவதையும் விழித்துக்கொண்டே கனவு கண்டார்.

"மண்ணுக்குள்ள இருந்து எடுத்தத மண்ணுக்கே குடுக்கிறதுதானே," என்பார்.

காணிக்காரர் கொழும்பில் இருந்தார். அவருக்குக் கனவெல்லாம் கிடையாது. மழைக் காலத்துக்குள் தூள் போகாவிட்டால் மண் தள்ளுகிற மெஷினைக் கொண்டுவந்து அதைப் பள்ளத்துக்குள்ளேயே தள்ளி மூடிவிடுவேன் என்றார். ஆக, அந்தத் தண்ணீர் பிழைப்பதும் மண்ணாவதும் ஊரார் தூளைக் கேட்டு வாங்குவதில் இருந்தது. இத்தனை காலம் கூரையிலும் சோற்றிலும் விழுந்து இருமவைத்த தூளை யார் கேட்டு வாங்குவார்கள்?

சரோஜினிதேவி டீச்சர் கேட்டார். தகப்பனின் அரசாங்க வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே மிளகு நட்டு வேரூன்றிவிட்ட குடும்பம். மண் புளித்துப்போனதால் டொலமைட் தூள் போடச் சொல்லி விவசாய அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"கொண்டுவாங்க நானா. போட்டுத்தான் பார்ப்போமே."

இத்ரூஸுக்குக் கால் தரையில் இல்லை. வெளியே கிடந்த தூள் ஈரமாயிருந்ததால் சூளைக் கொட்டிலுக்குள் போய்க் காய்ந்த தூளை அள்ளினார். அங்கே வேகாத பச்சைக்கல் தூளும் இருந்தது, சூளையில் வெந்த சுண்ணாம்பும் இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று ஊரார் நினைக்கலாம். சூளைக்காரன் நினைக்கலாமா? ஆனால் உடைந்த சுவருக்கு அப்பால் அந்தத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. மண்வெட்டி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம்.

டீச்சரின் கீழ் வரிசைக் கொடிகளுக்குப் போட்டு முடித்த மறுநாள் தூறியது. வேலியோரமாக நடந்து போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஈரம் பட்டுச் சுண்ணாம்பு நீறுகிற வாசனை. வாழ்நாள் முழுக்க முகர்ந்த வாசனை.

"டீச்சர், பிழை செஞ்சிட்டேன். நான் போட்டது வெந்த சுண்ணாம்பு. தண்ணி பட்டா கொதிச்சு வேரச் சுட்டுடும்."

டீச்சர் மண்வெட்டியை எடுத்தார். இரண்டு பேருமாக மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். பள்ளத்துத் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றினார் இத்ரூஸ். ஆனாலும் இலை கறுத்தது. கீழ் வரிசை முழுதும் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் குவாரிப் பக்கமே போகவில்லை. "அஸருக்குப் பொறகு எங்கயும் போகல்லயா?" என்று ஸுபைதாவே கேட்டாள். கேலி செய்ய ஆளில்லாமல் போனது அவளுக்கும் வேதனையாகத்தான் இருந்தது. மெஷின் அடுத்த கிழமை வருகிறது என்று செய்தி வந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் பக்கத்துத் தோட்டத்து ஹாஷிமின் லேண்ட்மாஸ்டர் டிராக்டரில், வெறும் உரப் பைகளோடு டீச்சர் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். "வாங்க நானா, குவாரிக்குப் போவோம்."

"வேணாம் டீச்சர். என்ட கைய நானே நம்பமாட்டேன்."

டீச்சர் விடவில்லை, குவாரிக்கே கூட்டிப்போனார். வெளியே கிடந்த பெரிய குவியலில் ஒரு பிடி அள்ளினார். "கைய நீட்டுங்க" என்று இத்ரூஸின் உள்ளங்கையில் போட்டு, தன் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றினார். "மூடுங்க."

இத்ரூஸ் கையை மூடினார். கண்ணையும் மூடினார். எரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சுடுதா?"

"இல்ல."

"அப்ப அள்ளுங்க."

"எங்க போடப் போறீங்க? கொடிதான் செத்துப் போச்சே."

"மேல் வரிசை இருக்குதானே. அதுக்குத்தான். டீச்சர் போட்டா நாங்களும் போடுறோம்னு எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க," என்று சொல்லிவிட்டு, முதல் பையின் வாயை அவரே விரித்துப் பிடித்தார்.