அக்காவிடம் சொன்ன பேச்சு

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. பவர் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள். "இவ லீவு போட்டா கடையே தூங்கி வழியுது" என்று முதலாளி அலுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவள், குழந்தை பிறந்த பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவளாகிப் போனாள்.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அவளுக்கோ குழந்தை சிணுங்கினாலே நெஞ்சு படபடத்தது. பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள். எல்லாம் யார் வீட்டுப் பிள்ளைக்கோ செய்வதுபோல. கணவன் லிஃப்ட் மெக்கானிக். "தூக்கம் கெட்டுப்போச்சுல்ல, சரியாயிடும்" என்றான். தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி மாடியிலிருந்த மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள்.

முதல் முறை அழுதுவிட்டு மட்டும் வந்தாள். அடுத்த முறை பேச்சு வந்தது. "பிள்ளைய விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு இருக்குங்க."

ஆலோசகர் அம்மாள் பதறவில்லை. "பிள்ளைய ஏதாவது செஞ்சிடணும்னு தோணுதா?"

"ஐயையோ, இல்லைங்க!"

"சரி. பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படி வரும்மா. இதனால நீங்க கெட்ட அம்மா ஆயிட மாட்டீங்க. சரி பண்ணிடலாம்."

மனசு லேசானது. அந்தத் தெம்பில் அக்காவிடமும் சொன்னாள். அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் அக்கா. பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஈரக்கையோடு கன்னத்தைத் தடவி, "என்னோட இருக்கட்டும்டி" என்றாள்.

சில நாளில், குளித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டில் மாமியார் அறைக்குப் போயிருந்தது. "பால் குடுக்கற நேரத்துக்கு நானே தூக்கிட்டு வரேன்" என்றார் மாமியார். பால் கொடுக்கும்போது எதிரில் உட்கார்ந்து, இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைத் தேடியபோது கணவன், "எதுக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆலோசகர் அறைக்குள் புயலாக நுழைந்தாள். "நம்பித்தானே சொன்னேன்? வீடு முழுக்கத் தெரிஞ்சிருக்கு!"

"நான் சொல்லலம்மா. உயிருக்கு ஆபத்துன்னு பட்டாத்தான் வெளிய சொல்வேன். அதையும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான். வேற யார்கிட்டயாவது பேசினீங்களா?"

யாரிடமும் இல்லை என்று சொல்ல வந்தவள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அக்கா மறுக்கவில்லை. "நாளைக்கு ஏதாவது ஆயிட்டா என்னைத்தானேடி கேப்பாங்க? அதான் உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்."

"போயிடலாம்னு இருக்குன்னுதானேக்கா சொன்னேன். பிள்ளைய ஏதாவது பண்ணிடுவேன்னு எப்ப சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

அவள் எழுந்துபோய் வாசல் படியில் செருப்பை மாட்டினாள். ஊரே தன்னைச் சந்தேகப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள். இந்த வாயிலிருந்தா?

ஆலோசகர் கணவனை வரவழைத்தார். அவன் முன்னால் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலை நிமிரவே இல்லை. "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்று அவள் கேட்டபோது, "பயந்துட்டேன்" என்றான். அன்று மாலை, அம்மாவின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், தொட்டிலைத் திரும்பக் கொண்டு வந்து போட்டான்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. டாக்டர் தந்த மாத்திரையும் ஆலோசகர் அறையுமாக மாதங்கள் ஓடின. ஒரு மதியம் குழந்தை தும்மிவிட்டு, தன் தும்மலுக்குத் தானே மிரண்டு விழித்தது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அள்ளியெடுத்து, "என்னடி ராங்கி, யாரு உன்னை மிரட்டினது?" என்று கொஞ்சினாள். யார் வீட்டுப் பிள்ளையோ என்ற நினைப்பு அன்றைக்கு வரவில்லை.

கணவனை மெல்ல மெல்ல மன்னித்தாள். மாமியாரோடு சண்டை போட்டு, ராசியும் ஆனாள். அக்காவோடு மட்டும் சண்டையே போடவில்லை. வந்தால் "வாக்கா" என்பாள். டீ போடுவாள். முழங்கால் வலி தேவலையா என்று விசாரிப்பாள்.

"மனசு இப்ப எப்படிடி இருக்கு?" என்று அக்கா கேட்பாள்.

"நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.